8, 12, 16, 24: வீட்டுக்கு எந்தக் கெட்டில்பெல்?

கெட்டில்பெல், அதாவது மேலே கைப்பிடி வைத்த எடைக் குண்டு, வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் டம்பெல் கணக்கைத்தான் போடுகிறார்கள். "5 கிலோ டம்பெல் தூக்குகிறேன், 6 கிலோ கெட்டில்பெல் போதும்" என்று. அந்தக் கணக்கு இங்கே செல்லாது. டம்பெல் பயிற்சிகளில் பெரும்பாலும் உழைப்பது கையும் தோளும். கெட்டில்பெல்லின் ஆதாரப் பயிற்சியான ஸ்விங்கில் எடையைக் கால்களுக்கு இடையிலிருந்து முன்னால் வீசுவது இடுப்பு. பிட்டமும் பின்தொடையும் உடம்பிலேயே பலமான தசைகளில் சேர்ந்தவை. 6 கிலோ அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் அதே குண்டைத் தலைக்கு மேல் ஒரு கையால் தள்ளிப் பாருங்கள், கதை மாறிவிடும். இரு கையால் 16 கிலோவை அலட்டிக்கொள்ளாமல் ஸ்விங் செய்கிறவரை, இப்படித் தள்ளும் ஒரு கை பிரஸ்ஸில் 10 கிலோவே திணறடிக்கலாம். ஆக, ஒரே ஒரு கெட்டில்பெல் என்றால் ஏதோ ஒரு பயிற்சிக்கு அது பொருந்தாமல்தான் இருக்கும். எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி. என் கட்சி: ஸ்விங்குக்கும் ஸ்குவாட்டுக்கும் (எடையோடு உட்கார்ந்து எழுவது) பொருந்துவதை வாங்குங்கள், பிரஸ் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

8-ஆ, 12-ஆ?

புதிதாகத் தொடங்கும் பெண்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 8 கிலோ. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர், நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர், தோளில் பழைய காயம் உள்ளவர் என்றால் 8 சரி. டர்கிஷ் கெட்-அப், அதாவது ஒரு கையில் எடையை உயர்த்திப் பிடித்தபடியே படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்பது, அதைப் பழகவும் 8 நல்லது. அதையும் முதலில் வெறுங்கையோடு, முஷ்டிமேல் ஒரு ஷூவை நிறுத்திப் பழகுவது இன்னும் நல்லது.

மற்றபடி, ஓரளவு உடல் உழைப்பு உள்ளவர்களுக்கு நான் 12-ஐத்தான் சொல்வேன். குறைந்த எடையின் ஆபத்தை யாரும் பேசுவதில்லை. குண்டு லேசாக இருந்தால் இடுப்பு சும்மா நிற்கும், கை அதைத் தூக்கிவிடும். கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: குண்டு மேலே வரும்போது தோள்கள் காதை நோக்கி ஏறுகின்றனவா? கை முழங்கையில் மடங்கி இழுக்கிறதா? அப்படியானால் நீங்கள் செய்வது ஸ்விங் அல்ல. சரியான எடையில் கை வெறும் கயிறுதான். இடுப்பு வெட்டி நிமிர்ந்த வேகத்தில் குண்டு மார்பளவு எழும்பி, ஒரு கணம் மிதந்து, தானாக இறங்கும்.

12-ஆ, 16-ஆ?

ஆண்களுக்கு வழக்கமான தொடக்கம் 16. ரஷ்யாவின் பழைய எடை அளவு பூட். ஒரு பூட் ஏறத்தாழ 16.38 கிலோ. 8, 16, 24, 32 என்று கெட்டில்பெல்கள் வருவதற்கு அதுதான் காரணம்: அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட். 12, 20, 28 எல்லாம் இடையில் நுழைந்தவை.

சராசரி உடல்வாகுள்ள ஆணுக்கு 16-ஐவிட 12 பாதுகாப்பானது என்று நான் நினைக்கவில்லை. மேலே சொன்ன அதே காரணம்தான். மெலிந்த உடம்பு, குனிந்து எடுக்கும்போது முதுகு வளைகிற பழக்கம், இந்த இரண்டில் ஒன்று இருந்தால் 12. மூட்டு, முதுகு, ரத்த அழுத்தப் பிரச்சினை உள்ளவர்கள் எடையைப் பற்றி யோசிக்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

16-ஆ, 24-ஆ?

ஜிம்மில் டெட்லிஃப்ட் (கனமான எடையைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) போட்டுப் பழகியவர்களுக்குத்தான் இந்தச் சபலம் வரும். இரு கை ஸ்விங்கை 24-இல் அவர்கள் முதல் நாளே செய்துவிடுவார்கள். கிளீன் (குண்டை ஒரு கையால் மார்புக்குக் கொண்டுவருவது), ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது) என்று போகும்போதுதான் வினை. குண்டு மணிக்கட்டைச் சுற்றித் திரும்பும் நுட்பம் படியும்வரை அது முன்கையில் மோதிக்கொண்டே இருக்கும். 24 மோதினால் வலி இரண்டு நாள் நிற்கும். பலம் இருக்கட்டும், நுட்பத்தை 16-இல் பழகுங்கள்.

அடுத்த எடைக்குப் போகும்போது கிலோவைப் பார்க்காமல் சதவீதத்தைப் பாருங்கள். 8-இலிருந்து 12 என்பது 50 சதவீத ஏற்றம். 12-இலிருந்து 16 என்பது 33. 16-இலிருந்து 20 என்பது 25. 20-இலிருந்து 24 வெறும் 20. அதே 4 கிலோ, கீழே செங்குத்து, மேலே சரிவு. அதனால் 8-இல் பிரஸ் செய்கிறவருக்கு 10 கிலோ கிடைத்தால் அதை விட வேண்டாம். 16 வைத்திருப்பவர் 18-ஐத் தேடி அலையத் தேவையில்லை.

ஒன்றா, இரண்டா, எடை மாற்றும் வகையா?

உள்ளே தட்டுகளைச் சேர்த்து எடை மாற்றும் கெட்டில்பெல் இடத்தை மிச்சப்படுத்தும். சிறுசிறு ஏற்றங்கள் கிடைப்பதால் பிரஸ்ஸுக்கு அருமை. ஆனால் ஸ்விங் முடிந்த கையோடு பிரஸ்ஸுக்குப் போகிற மாதிரியான பயிற்சியில், நடுவே நின்று தட்டு மாற்றுவது எரிச்சல். பூட்டு தளர்ந்தால் உள்ளே லொடலொடக்கும். அந்த நிலையில் அதைத் தலைக்கு மேல் கொண்டுபோகவே கூடாது. வெவ்வேறு எடையில் இரண்டு தனிக் கெட்டில்பெல்கள், உதாரணமாக 8-உம் 12-உம் அல்லது 12-உம் 16-உம், இதைவிட எனக்கு உசத்தி. இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. கனமானதை முதலில் வாங்குங்கள்.

வார்ப்பிரும்பா, போட்டி வகையா?

கெட்டில்பெல் விளையாட்டுப் போட்டிகளுக்கான வகை எல்லா எடையிலும் ஒரே அளவு. 16 மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு என்று நிறத்தில்தான் வித்தியாசம். எடை கூடினாலும் முன்கையில் உட்காரும் இடம் மாறாது. ஒரு கைப் பயிற்சிக்கு அது பெரிய வசதி. ஆனால் கைப்பிடி குறுகலாக இருப்பதால், இரு கை ஸ்விங்கில் விரல்கள் ஒன்றோடொன்று நெருக்கியடிக்கும். வீட்டில் தொடங்குகிறவர் செய்யப்போவது பெரும்பாலும் இரு கை ஸ்விங்தான்; அதனால் வார்ப்பிரும்பே போதும். சிமென்ட் நிரப்பிய பிளாஸ்டிக் குண்டு வேண்டவே வேண்டாம், எடைக்கு மீறிப் பருத்திருக்கும்.

வாங்கும்போது கைப்பிடியின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வார்ப்புப் பிசிறு தட்டுப்பட்டால் வேறு ஒன்றை எடுங்கள். நூறு ஸ்விங்கில் உள்ளங்கைத் தோலைக் கிழித்துவிடும். பிறகு முதுகை நேராக வைத்து, இடுப்பை மடக்கி, தரையிலிருந்து பத்து முறை எடுத்து வையுங்கள். பத்தாவது முறையும் முதுகு வளையவில்லை என்றால் அந்த எடையில் ஸ்விங் பழகத் தொடங்கலாம்.