ஏப்நிக் உறுப்புரிமை: ஐபி முகவரிக் களவுக்கு எவ்வளவு காவல்?

திருகோணமலையில் ஒரு சிறிய இணைய நிறுவனத்தின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்க விடுதிகள்தான் பெரும்பாலும் எங்கள் வாடிக்கையாளர்கள். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு ஐபி முகவரி வழங்கும் ஏப்நிக்கில் பல வருடங்களாக உறுப்பினராக இருக்கிறோம்.

இணையத்தில் ஒவ்வோர் இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. அதன் பழைய வகையான ஐபிவி4 முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. தட்டுப்பாட்டோடு விலை ஏறியது, கள்ளரும் வந்தார்கள். 2019இல் அமெரிக்காவில் வழக்கில் சிக்கிய ஒரு நிறுவனம், பெயருக்கு மட்டும் கம்பனிகளைக் காட்டி ஏழரை லட்சம் முகவரிகளைச் சுருட்டியிருந்தது. அதனால் நிறுவனப் பதிவுச் சான்றிதழ், வலையமைப்புத் திட்டம் என்று ஏப்நிக் கேட்கும்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை. புதிய உறுப்பினருக்கு அதிகபட்சம் 512 முகவரிதான். 103இல் தொடங்குபவற்றை ஐந்து வருடத்துக்குக் கைமாற்றவும் முடியாது. வாங்கி விற்கவே விண்ணப்பிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை இல்லை.

ஆனால் கொடுத்த பிறகும் களவு நடக்கும். எங்களை உலக இணையத்தோடு இணைக்கும் மேலிணைப்பு நிறுவனத்திலிருந்து ஒரு பொறியியலாளர் அழைத்தார். "அண்ணா, உங்கட முகவரிகளை வேற ஒரு கம்பனி பாவிக்கலாம் எண்டு கடிதம் வந்திருக்கு. நீங்களா அனுப்பினீங்கள்?" கடிதத்தில் எங்கள் முத்திரை அச்சொட்டாக இருந்தது. மின்னஞ்சல் முகவரியில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல். கையொப்பத் திகதியோ தைப்பொங்கல் நாள்! அன்றைக்கு எங்கள் அலுவலகமே பூட்டு.

அவர் கேட்காமல் விட்டிருந்தாலும் ரோவா பதிவு எங்களைப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கும். இந்த முகவரிகள் தன்னிடம் உள்ளன என்று இணையத்துக்கு அறிவிக்க, இந்த எண்ணுள்ள வலையமைப்புக்கு மட்டுமே உரிமை என்று ஏப்நிக் தளத்தில் மறையொப்பத்தோடு பதிந்து வைப்பதுதான் ரோவா. செய்ய அதிக நேரம் பிடிக்காது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: முகவரித் தொகுதியை எவ்வளவு சிறு துண்டாக அறிவிக்கலாம் என்று கேட்கும் 'அதிகபட்ச நீளம்' என்ற கட்டத்தில், நீங்கள் உண்மையில் அறிவிக்கும் அளவையே போடுங்கள். தாராளமாக விட்டால், உங்கள் வலையமைப்பு எண்ணைப் போலியாகப் போட்டு சிறு துண்டுகளை அறிவிக்க வழி திறந்துவிடும்.

ஆறு மாதத்துக்கொரு முறை தொடர்பு மின்னஞ்சலை உறுதிப்படுத்தச் சொல்லி வரும் கடிதத்தையும் குப்பையில் போடாதீர்கள். ஆளில்லாத பதிவுகளைத்தான் கள்ளர் தேடுகிறார்கள். இரட்டை உள்நுழைவுச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

குறைகள்? ரோவா தொடக்கப் புள்ளியை மட்டும் பார்க்கும், இடைப்பாதையைப் பார்க்காது. மற்ற நிறுவனங்கள் அதைச் சரிபார்த்து வடிகட்டினால்தான் பலன். கட்டணம் அவுஸ்திரேலிய டொலரில். 2022இல் ரூபாய் சரிந்தபோது எங்களைப் போன்ற சிறியவர்களுக்கு நன்றாகவே வலித்தது. அப்புறம், பதிவகத்துக்கு உள்ளேயே கை நீண்டால் உறுப்பினர் என்ன செய்வது? ஆபிரிக்கப் பதிவகத்தில் 40 இலட்சத்துக்கும் அதிகமான முகவரிகள் முறைகேடாகக் கைமாறியது 2019இல்தான் வெளியே வந்தது. அதனால் எந்த முகவரி யாருடையது என்று காட்டும் பொதுப் பதிவேடான ஹூஇஸ்ஸில் எங்கள் பதிவை மாதாமாதம் நானே திறந்து பார்க்கிறேன். உறுப்புரிமையைத் தொடர்ந்து புதுப்பிப்போம்.