ரேடியோ திரையின் பின்னணி: புகைப்படமா, வெறும் கருநீலமா?

புது டிஜிட்டல் கையடக்க ரேடியோ (வாக்கி-டாக்கி மாதிரி பேசுகிற ரகம்) கைக்கு வந்ததும், சேனல்களை முழுசாக ஏற்றக்கூட பொறுமை இல்லாமல் நான் செய்த முதல் வேலை பின்னணிப் படம் மாற்றியதுதான். மலை உச்சி, ஓர் ஆன்டெனா, மேலே வெள்ளை மேகம். வீட்டுக்குள் அருமையாக இருந்தது. வெயிலில் இறங்கியதும் சேனல் பெயர் நேராக மேகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளை மேல் வெள்ளை. சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, கடைசியில் தப்பான டாக்குரூப்பில், அதாவது வேறொரு பேச்சுக் குழுவில், கூப்பிட்டேன்.

கம்பெனி கொடுத்த படத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எழுத்து தெரியும், அலுத்துப்போகும்.

புகைப்படம் போடுவதில் முதல் தொல்லை அளவு. எனிடோன் 878 என்ற இந்த ரேடியோவின் திரை 1.77 அங்குலம், 160×128 புள்ளிகள். போன் கேமரா படம் பெரும்பாலும் 4:3, இந்தத் திரையோ 5:4. அகலத்தை 160-க்குக் குறைத்தால் உயரம் 120-தான் வரும், எட்டு வரிசை குறையும். இழுத்து நிரப்பினால் முகமெல்லாம் நீண்டுவிடும். முதலில் 5:4-க்கு வெட்டி, அப்புறம் சுருக்க வேண்டும். குடும்பமே நிற்கும் குரூப் போட்டோ வேண்டாம், ஆளுக்கு நாலு புள்ளிதான் மிஞ்சும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வித்தியாசம். இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகள் சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 என்ற ஒளி விகிதத்தைக் கேட்கின்றன. வெள்ளை எழுத்து கறுப்பின் மேல் 21:1, கருநீலத்தின் மேல் சுமார் 16:1, வெளிர் சாம்பலின் மேல் வெறும் 1.5:1. புகைப்படத்தில் இது புள்ளிக்குப் புள்ளி மாறும். ஓர் எழுத்து பாறை மேல் பளிச்சென்று நிற்கும், அடுத்த எழுத்து மேகத்தில் கரையும். போதாததற்கு, வெயிலில் கண்ணாடியின் பிரதிபலிப்பு எல்லாவற்றின் மேலும் ஒரு வெளுப்பைப் பூசி, இருக்கிற வித்தியாசத்தையும் தின்றுவிடும். மேஜையில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாசலுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள்.

அதனால் இப்போது என் திரையில் ஒரே சீரான கருநீலம். நிறம் மெல்ல மாறும் பின்னணி வேண்டாம். ஒரு புள்ளியின் நிறத்துக்கு மொத்தம் 16 பிட் மட்டுமே உள்ள திரையில் நீலத்துக்கு 32 படிகள்தான், பட்டை பட்டையாகத் தெரியும். இருண்ட படம் போட்டால் பேட்டரி மிச்சமாகும் என்று சிலர் சொல்வது எல்சிடிக்குப் பொருந்தாது. பின்விளக்கு கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒரே மாதிரிதான் எரியும்.

வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்தையும் ரெண்டு நாள் வைத்துப் பார்த்தேன். பகலில் குறை சொல்ல முடியாது, இரவில் கண் கூசியது. ரெண்டு நாள் அனுபவத்தை வைத்து அதற்கு மேல் பேசுவது சரியில்லை.

மலைப் படத்தை அழிக்க மனசு வரவில்லை. ஆன் செய்ததும் வரும் தொடக்கப் படமாக மாற்றிவிட்டேன். அங்கே சேனல் பெயர் வராது, மேகம் அது பாட்டுக்கு இருக்கிறது.