தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்கிற கடைகளிடம் கவனம்

யாழ்ப்பாணத்தில் மீன் தொட்டி வாங்க யோசிக்கிறவர்கள் இதை ஒருக்கா வாசியுங்கள். டவுனுக்குள் ஒரு கடையில் எங்கள் சின்னவளுக்கென்று இரண்டடித் தொட்டி, பில்டர், கல், லைட் எல்லாம் வாங்கினோம். மீனை இன்றைக்கே விடலாமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். "ஓம் அண்ணை, இந்த மருந்தில ரெண்டு மூடி ஊத்துங்கோ, பின்னேரமே விடலாம்" என்று பெயர் ஒட்டாத ஒரு சின்னப் போத்தலைத் தந்து, கோல்ட்பிஷ், கப்பி, நியோன் டெட்ரா என்று எல்லாவற்றையும் கட்டித் தந்தார்.

ஒரு கிழமை போகவில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின, பில்டர் தண்ணீர் விழுகிற மூலையை விட்டு அசையவில்லை, ஒரு கோல்ட்பிஷ்ஷின் செவுள் ஓரம் இரத்தம் கட்டியது போலச் சிவந்திருந்தது. போனில் எடுத்த படத்தைக் கடைக்காரரிடம் காட்டினேன். பங்கசு என்று மெதிலீன் புளூ விற்றார், அது சரிவராததால் வேறொன்று. கடைசியாகத் தண்ணீர் முழுவதையும் ஊற்றிவிட்டு, கல், ஸ்பொஞ்ச் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவச் சொன்னார். மிச்சமும் செத்தது. காசைக் கேட்டபோது, "உங்கட கிணத்துத் தண்ணி சரியில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

கனகாலமாக மீன் வளர்க்கிற ஒரு நண்பர் தண்ணீரைச் சோதிக்கிற தன் ரெஸ்ட் கிட்டைக் கொண்டுவந்து பார்த்தார். அமோனியாக் குழாய் கடும் பச்சையாக மாறியது, அதாவது தண்ணீரில் அமோனியா மிகக் கூடுதல். அப்புறம்தான் விளங்கியது, இது பங்கசு இல்லை, மீன்கள் தங்கள் கழிவிலேயே நஞ்சுண்டிருக்கின்றன. அந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பற்றீரியா பில்டரில் பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 கிழமை வேண்டும். மெதிலீன் புளூ அதையே கொல்லும், ஸ்பொஞ்சைத் தேய்த்துக் கழுவினால் ஒட்டியிருந்ததும் போய்விடும். மீன் விற்றுப் பிழைக்கிறவருக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எங்கள் கிணற்றின் பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) 8. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர், அப்படித்தான் இருக்கும். பி.எச். 7இல் இருப்பதைவிட 8இல் அதே அளவு அமோனியா கிட்டத்தட்ட பத்து மடங்கு நஞ்சு. அதனால் இங்கே இன்னும் கூடுதலாகக் காத்திருக்கச் சொல்ல வேண்டிய கடைக்காரர், மென்தண்ணீர் (சுண்ணாம்பு குறைந்த தண்ணீர்) மீனான நியோன் டெட்ராவையே அன்றைக்கே விற்றிருக்கிறார்! கப்பிக்கும் மொல்லிக்கும் எங்கள் வன்தண்ணீர் நல்லாவே ஒத்துவரும்.

கிணற்றுத் தண்ணீரையும் தனியாகச் சோதியுங்கள். தோட்டப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் உரத்தாலும் மலக்குழியாலும் நைத்திரேற்று ஏற்கனவே கூடுதலாக இருக்கும், அந்தத் தண்ணீரை மாற்றி மாற்றி விட்டாலும் அது குறையாது. ரெஸ்ட் கிட் வாங்கும்போது அமோனியா பார்க்கிற திரவக் கிட்டாகக் கேளுங்கள், தண்ணீரில் தோய்த்துப் பார்க்கிற கீற்றுகள் பலவற்றில் அமோனியாச் சோதனை இல்லை.

இப்போதே உங்கள் மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால் மருந்துக்கு ஓடாதீர்கள். சாப்பாட்டை நிறுத்தி, கால்வாசித் தண்ணீரை ஒவ்வொரு நாளும் மாற்றி, காற்றுப் பம்பை விடாமல் ஓடவிடுங்கள். பழைய தொட்டி வைத்திருக்கிற யாரிடமாவது, நோயில்லாத தொட்டியென்றால், ஓடிக்கொண்டிருக்கிற, அந்தப் பற்றீரியா ஒட்டியிருக்கிற பில்டர் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயமுன் உங்கள் பில்டருக்குள் வையுங்கள்.