பாடகர் குழுவுக்கு எந்த இணையக் களஞ்சியம்? இசைக்குறிப்பும் பதிப்புரிமையும்

இலங்கையின் ஹட்டனில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவைப் பழக்குவதும் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பதும் என் பணி. இரண்டுக்கும் வேண்டிய இசைக்குறிப்புகளை ஐ.எம்.எஸ்.எல்.பி. (International Music Score Library Project), சி.பி.டி.எல். (Choral Public Domain Library) என்னும் இரண்டு இலவச இணையக் களஞ்சியங்களிலிருந்து எடுத்துவந்த நான், பாடகர் குழுவைப் பொறுத்தவரை சி.பி.டி.எல்.லையே முதலில் நாடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கான காரணம் பெரும்பாலும் சட்டம் சார்ந்தது என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அளவில் இரண்டையும் ஒப்பிடவே தேவையில்லை. 2006இல் தொடங்கிய ஐ.எம்.எஸ்.எல்.பி.யில் பழைய அச்சுப் பதிப்புகள் சிம்பொனி முதல் சிறுவர் பயிற்சி வரை ஸ்கேன் செய்து குவிக்கப்பட்டுள்ளன. 1998இல் தொடங்கிய சி.பி.டி.எல். பாடகர் குழு இசைக்கே உரியது. அங்குள்ளவை தன்னார்வலர்கள் கணினியில் புதிதாக எழுதிய பதிப்புகள். தோட்டப் பகுதிகளில் இணைய இணைப்பு மந்தமாக இருக்கும்போது பின்னதன் சிறிய கோப்புகள் விரைவில் இறங்கிவிடும் என்பதும் உண்மை.

எனினும் முடிவைத் தீர்மானித்தது எந்த நாட்டுச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்துகிறது என்ற கேள்வியே. ஐ.எம்.எஸ்.எல்.பி. கனடாவில் வளர்ந்த களஞ்சியம். அப்போது அங்கே பதிப்புரிமை இசையமைப்பாளர் இறந்து 50 ஆண்டுகள் வரையிலும், ஐரோப்பாவில் 70 ஆண்டுகள் வரையிலும் நீடித்தது. இந்த வேறுபாட்டின் காரணமாக வியன்னாவின் யூனிவர்சல் எடிஷன் பதிப்பகம் சட்ட எச்சரிக்கை அனுப்ப, 2007 ஒக்டோபரில் களஞ்சியமே மூடப்பட்டு 2008 ஜூன் இறுதியில்தான் மீண்டும் திறந்தது. கனடாவும் 2022 இறுதியில் 70 ஆண்டுகளுக்கு மாறிவிட்டது. ஆனால் 1971ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ இறந்தவர்களின் படைப்புகளுக்கு அங்கே முடிந்துபோன உரிமை திரும்பவில்லை. அமெரிக்காவிலோ பழைய படைப்புகளுக்கு இறந்த ஆண்டு கணக்கில்லை. வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் எண்ண வேண்டும்.

இலங்கையிலுள்ள நமக்குரியது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி பாதுகாப்பு படைப்பாளியின் ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் ஆகும். இதனால் விளைவுகள் இரு பக்கமும் போகின்றன. ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்ட்டோக் 1945இல் இறந்தார். ஆகவே பியானோ பயிலும் பிள்ளைகளுக்கு அருமையான அவருடைய ‘மைக்ரோகாஸ்மோஸ்’ இங்கே தடையற்றது, ஆனால் 1940இல் வெளியானதால் அமெரிக்காவில் 2035 இறுதிவரை பாதுகாக்கப்படுகிறது. மறுபுறம், ஆங்கிலேய இசையமைப்பாளர் வோன் வில்லியம்ஸ் 1906இல் வெளியிட்ட ‘சைனே நோமினே’ என்ற கீத மெட்டு அமெரிக்காவில் எப்போதோ விடுபட்டுவிட்டது. அவர் 1958இல் இறந்தபடியால் நமக்கு அது 2028 இறுதிவரை உரிமையுள்ள படைப்பே. சகல பரிசுத்தவான்கள் திருநாளுக்கு அதைப் பாட விரும்பும் மலையகத் திருச்சபைகள் இதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் இலவசமாகத் திரையில் தெரிவதெல்லாம் இங்கே இலவசமாகிவிடாது.

பிரதியெடுப்பதில்தான் சட்டம் இன்னும் இறுக்கமானது. சொந்தத் தேவைக்காக ஒரேயொரு பிரதி எடுத்துக்கொள்ள நமது சட்டம் இடமளிக்கிறது. ஆனால் ஒரு நூலையோ, குறிப்பு வடிவிலுள்ள ஓர் இசைப் படைப்பையோ முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ போட்டோ கொப்பி எடுப்பதை அந்தச் சலுகையிலிருந்து விலக்கியிருக்கிறது. மிக உயர்ந்த பெண் குரலான சொப்ரானோ முதல் மிகத் தாழ்ந்த ஆண் குரலான பேஸ் வரை ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் வேண்டிய பாடகர் குழுவுக்கு இதைவிட முக்கியமான விதி வேறில்லை. பழைய ஸ்கேன் ஒன்றை எடுத்தால் இசையமைப்பாளர், பதிப்பாசிரியர், நான்கு குரலுக்கு அமைத்தவர், பாடலை மொழிபெயர்த்தவர் ஆகிய ஒவ்வொருவரும் எப்போது இறந்தார் என்று நாமே தேட வேண்டியிருக்கிறது. சி.பி.டி.எல். பதிப்புகள் பலவற்றின் முதல் பக்க அடியில், இதைத் தாராளமாகப் பிரதியெடுக்கலாம், விநியோகிக்கலாம், பாடலாம், பதிவு செய்யலாம் என்று பதிப்பித்தவரே அனுமதி எழுதிவைத்திருப்பார். அந்த அனுமதி அவருடைய உழைப்புக்கு மட்டுமே செல்லும். இசையமைப்பாளரின் இறந்த ஆண்டை அப்போதும் பார்த்தே ஆக வேண்டும். ‘பேர்சனல்’ என்று குறித்த பதிப்புகளுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. இருந்தும் நாலைந்து பெயர்களைத் துருவுவதற்குப் பதிலாக ஒன்றிரண்டோடு வேலை முடிகிறது.

பயன்பாட்டிலும் வேறுபாடு பெரிது. நூறாண்டுப் பழைய அச்சின் ஸ்கேனைக் கடையில் கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியிலிருந்து இன்னொன்று எடுத்தால், கோடுகள் அறுந்து சுரத்தை அரைப்படி உயர்த்தும் ஷார்ப் குறி, அந்த மாற்றத்தை நீக்கும் நேச்சுரல் குறி போலத் தெரியும். சுரத்தை நீட்டச் சொல்லும் புள்ளி மறைந்து, தாழ்ந்த பெண் குரலான ஆல்ட்டோவின் பகுதி முந்திவிடும். சி.பி.டி.எல்.லில் பல பாடல்களுக்குக் கணினி மூலக் கோப்பும் கிடைப்பதால், சொப்ரானோவுக்கு எட்டாத சுருதியை ஒரு படி இறக்கவும், ஆங்கில அடியின் கீழ் தமிழ் வரிகளை அசை அசையாகப் பொருத்தவும் முடிகிறது. தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் 1864இல் மறைந்ததால் அவருடைய கீர்த்தனைகளின் சொற்கள் யாவருக்கும் பொதுவானவை என்றாலும், அண்மையில் ஒருவர் அவற்றுக்கு எழுதிய நான்கு குரல் அமைப்பு அதை எழுதியவருக்கே உரியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பியானோ வகுப்புக்கு ஐ.எம்.எஸ்.எல்.பி.யை நான் விடவில்லை. வாத்தியக் குழுவுக்கான பகுதிகளில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் அதைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லமாட்டேன். ஐ.எம்.எஸ்.எல்.பி.யில் ஒவ்வொரு கோப்பின் அருகிலும் கனடா, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றின் உரிமை நிலை குறிக்கப்பட்டிருக்கும். இலங்கைக்கென்று தனிக் குறி இல்லை. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டுகள் என்பதால், ஐரோப்பியக் குறியே நமக்கு நெருங்கிய வழிகாட்டி. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி 1971இல் இறந்தவர். கனடாவில் விடுபட்டிருந்தாலும் இங்கே 2041 இறுதிவரை காத்திருக்க வேண்டும். தேர்வுக்குச் செல்லும் பிள்ளைகள் விரும்பி வாசிக்கும் இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர் கபலெவ்ஸ்கியோ 1987இல் இறந்தவர். 2057 முடியும்வரை அவருடைய சிறுவர் துண்டுகளை அச்சுப் புத்தகமாகவே வாங்க வேண்டியிருக்கிறது.