முட்டிவலியைச் சட்டென்று போக்கும் ‘இயற்கை’ கேப்சூல்: வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

மூட்டுத் தேய்மானத்துக்கு ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று ஆன்லைனில் விற்கும் சப்ளிமென்ட்டை உங்கள் வீட்டில் யாராவது சாப்பிடுகிறார்களா? ஆரம்பித்த சில நாளிலேயே வலி காணாமல் போய்விட்டது என்கிறார்களா? அப்படியென்றால் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். வலி மாத்திரையோ வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. குளுக்கோசமைன் (மூட்டுக்கு நல்லது என்று சொல்லி விற்கும் ஒரு சத்துப்பொருள்), மஞ்சள், மூலிகைச் சாறு, தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளரும் என்ற உறுதிமொழி. போனில் பேசிய ‘ஆலோசகர்’ அவ்வளவு கனிவாகப் பேசினார். பக்கவிளைவே கிடையாது, சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையோடு தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். அம்மா வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வலி உடனே போய்விட்டது. அம்மா யார் கையையும் பிடிக்காமல் படி ஏறினார். தெரிந்தவர்களிடமெல்லாம் அந்த மருந்தைப் பற்றிச் சொன்னார். கொஞ்ச நாளில் முகம் உருண்டு திரண்டு வந்தது. “முகத்துல களை வந்திருக்கு” என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அது களை இல்லை, வீக்கம். கட்டுக்குள் இருந்த சர்க்கரை ஏறியது, பிரஷரும் கூடவே ஏறியது. லேசாக இடித்துக்கொண்டாலே கையில் ரத்தம் கட்டி நீலமாகியது. ஆலோசகரிடம் கேட்டோம். “உடம்புல சேர்ந்த கழிவு வெளியேறுதும்மா, நிறுத்திடாதீங்க, கூட ஒண்ணு சேர்த்து எடுங்க” என்றார். இதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது.

அப்புறம் ஒரு முறை அடுத்த பாட்டில் வந்துசேரத் தாமதமானது. மாத்திரை நின்ற சில நாளில் அம்மாவால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. வாந்தி, தலைசுற்றல், பிரஷர் சரிந்துகொண்டே போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவின் முகத்தையும் கையையும் பார்த்ததுமே “ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றோம். “பவுடர், கேப்சூல், மூலிகைன்னு ஏதாவது?” என்றார். பாட்டிலைக் காட்டினோம். காலையில் எடுத்த ரத்தத்தில் கார்டிசால் மிகவும் குறைவாக இருந்தது.

கார்டிசால் என்பது நம் உடம்பே தயாரிக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி அதைத் தினமும் சுரக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு தொடர்ந்து உள்ளே போனால் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். அந்த நிலையில் மருந்தைத் திடீரென்று விட்டால் உடம்பில் இரண்டுமே இருக்காது. உயிருக்கே ஆபத்து. லேபிளில் எழுதாமல் ஸ்டீராய்டைக் கலந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வயதில் இப்படி ஆக வேறு காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததும் இல்லை. 2022இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஆர்ட்ரி கிங் என்ற மூட்டுவலி சப்ளிமென்ட்டைப் பரிசோதித்து, லேபிளில் சொல்லாத டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் அதில் இருப்பதாக எச்சரித்தது. கல்லீரல் பாதிப்பும் மரணமும் வரை புகார்கள் போயிருந்தன. நாங்கள் வாங்கியது வேறு பெயர். ஆனால் அறிகுறிகளைப் படித்தபோது அம்மாவைப் பார்த்து எழுதியது மாதிரி இருந்தது.

கலப்படம் இல்லாத குளுக்கோசமைன் இப்படி வேலை செய்யாது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் முட்டித் தேய்மானம் உள்ள 1,583 பேரைப் பிரித்து, 24 வாரம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. குளுக்கோசமைன் சாப்பிட்டவர்களில் 64 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் முட்டித் தேய்மானத்துக்குக் குளுக்கோசமைன் வேண்டாம் என்றே சொல்கிறது. உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும்தான் வலியுறுத்துகிறது. ஆகவே, குளுக்கோசமைன் என்று சொல்லித் தரும் ஒரு மாத்திரை நாலு நாளில் வலியை அடியோடு நிறுத்தினால், உள்ளே வேறேதோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். (ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நல்ல குளுக்கோசமைனைக்கூட டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரத்தம் உறையாமல் கசிய வாய்ப்பு கூடும்.)

விற்றவர்கள் இப்போது போனை எடுப்பதில்லை. பாட்டிலைத் திறந்துவிட்டதால் பணம் திருப்பித் தர முடியாது என்று ஒரே ஒரு பதில் வந்தது. மாதாமாதம் கார்டில் தானாகப் பணம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வங்கியில் சொல்லி கார்டையே மாற்ற வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு டாக்டரே ஸ்டீராய்டு கொடுத்து மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வருகிறார். முட்டிவலி திரும்பிவிட்டது. தொடைத் தசைக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்கிறார்.

இப்படி ஒரு மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டுவந்தவர்கள், இதைப் படித்த பயத்தில் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். பாட்டிலோடு இன்றே டாக்டரிடம் போங்கள், எவ்வளவு காலமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். வாந்தியோ மயக்கமோ ஏற்கெனவே இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். மிச்சமிருக்கும் கேப்சூலை வீசிவிடாதீர்கள், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கும்போது பரிசோதனைக்கு அதைத்தான் கேட்பார்கள்.