கிளவுட் மென்பொருளுக்கு மாறிய ஆறு ஆண்டுகள்: ஒரு மென்பொருள் ஆர்க்கிடெக்டின் அனுபவம்

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு என் வேலை பெரும்பாலும் படம் வரைவதுதான். நிறுவனத்தின் மென்பொருள்கள் இன்று எப்படி இருக்கின்றன என்று ஒரு படம், ஐந்து ஆண்டு கழித்து எப்படி இருக்க வேண்டும் என்று இன்னொரு படம், இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை. சர்வர் எங்களுடையது, வெர்ஷனை எப்போது மாற்றுவது என்பதும் எங்கள் முடிவு. அப்புறம் மனிதவளம், விற்பனை, கொள்முதல், கணக்கு என்று ஒவ்வொன்றாகக் கிளவுட் மென்பொருளுக்குப் போயின; அதாவது விற்பவரின் சர்வரில் ஓடும், நாம் சந்தா கட்டிப் பயன்படுத்தும் மென்பொருள். சொந்த சர்வரில் இன்று மிச்சம் இருப்பது சரக்கு இருப்பு மென்பொருள் ஒன்றுதான்.

முதலில் அடிபட்டது என் ஐந்தாண்டுப் படம். விற்பனை மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸில் ஆண்டுக்கு மூன்று பெரிய அப்டேட் வரும். மைக்ரோசாஃப்டின் வணிக மென்பொருளான டைனமிக்ஸ் 365-இல் ஏப்ரல், அக்டோபர் என்று இரண்டு. சில மாற்றங்களைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆக, திட்டத்தின் நாள்காட்டி பாதிக்கு மேல் அடுத்தவர் கையில்.

இதன் தீவிரம் எனக்கு ஒரு திங்கட்கிழமை காலையில்தான் புரிந்தது. கொள்முதல் மென்பொருளில் ஒப்புதல் ஆன ஆர்டர்கள் எதுவும் கணக்கு மென்பொருளுக்கு வந்து சேரவில்லை. இரண்டு மென்பொருளும் நன்றாகத்தான் ஓடின. வார இறுதி அப்டேட்டில், கொள்முதல் மென்பொருளின் ஏ.பி.ஐ (பிற மென்பொருளோடு தகவல் பரிமாறும் வாசல்) அனுப்பும் தேதியோடு நேர மண்டலமும் சேர்ந்து வர ஆரம்பித்திருந்தது. இடையில் நாங்கள் எழுதிய இணைப்பு நிரலுக்கு அந்த வடிவம் புரியவில்லை. ஒவ்வொரு ஆர்டரையும் வரிசையில் ஓரமாகத் தள்ளிவிட்டு, சத்தமே இல்லாமல் அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தது. நிரலைத் திருத்த அரை மணி நேரம். எது போனது, எது போகவில்லை என்று ஒத்துப்பார்க்க இரண்டு நாள். அப்டேட்டில் என்ன மாறுகிறது என்று விற்பவர் தரும் வெளியீட்டுக் குறிப்பில் இந்த மாற்றத்தை முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். அதைப் படிப்பது யார் வேலை என்றுதான் எங்களில் யாரும் முடிவு செய்யவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒருவர் பொறுப்பு. வெளியீட்டுக் குறிப்பு படிப்பதும், அப்டேட்டை முன்பே பார்க்கத் தரும் முன்னோட்டச் சூழலில் இணைப்புகளைச் சோதிப்பதும் திட்ட அட்டவணையிலேயே நாள் குறித்து இருக்கின்றன. என் படமும் மாறிவிட்டது. மென்பொருள்களைக் குறிக்கும் பெட்டிகளை விட அவற்றுக்கு இடையே ஓடும் கோடுகளைத்தான் கவனமாக வரைகிறேன். எந்தத் தகவல் போகிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, நின்றால் யாருக்குத் தெரியவரும்? பெட்டிக்குள் இருப்பது விற்பவர் பொறுப்பு, கோடு முழுக்க நம் பொறுப்பு.

சேவை எவ்வளவு நேரம் நிற்காமல் இயங்கும் என்று ஒப்பந்தத்தில் தரும் சதவீதக் கணக்கும் இப்படித்தான். 99.9 சதவீதம் என்றால் 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் நிற்கலாம். ஒரு வேலை முடிய அப்படி ஐந்து சேவைகள் வரிசையாக வேண்டும் என்றால் மொத்தம் 99.5 சதவீதம்தான்; மோசமான மாதத்தில் மூன்றரை மணி நேரம் போகலாம். ஒப்பந்தங்களைத் தனித்தனியாகப் படித்தால் இது கண்ணில் படாது.

நல்லது என்று நான் மனதாரச் சொல்வது எல்லா மென்பொருளுக்கும் லாகின் ஒரே இடத்துக்கு வந்ததை. ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஓர் இடத்தில் அவருடைய பயனர் கணக்கை மூடினால் போதும். இதற்கு ஒத்துவராத மென்பொருளை இப்போது பரிசீலனைக்கே எடுப்பதில்லை.

வெளியேறுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு சேவையை விட்டு வந்தபோது எங்கள் தரவை முழுசாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் பதிவுகள் சி.எஸ்.வி என்ற எளிய அட்டவணைக் கோப்புகளில், இணைப்பு ஆவணங்கள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட தனி ஜிப்பில். எந்த ஆவணம் எந்தப் பதிவுக்கு என்று சொல்லும் பட்டியலைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மூன்று மாதம் போனது. 2024-இல் கூகுளும் அமேசானும் தங்கள் கிளவுடை விட்டு வெளியேறுபவர்களுக்குத் தரவு மாற்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை எளிதாக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டும் வரவேற்க வேண்டியவைதான். ஆனால் எங்களை வாட்டியது கட்டணம் இல்லை, தரவு வந்த வடிவம்.

பழையதிலேயே இருந்துவிடலாம் என்பதும் நிரந்தர வழி இல்லை. ஜிரா மென்பொருளைத் தயாரிக்கும் அட்லாசியன், சொந்த சர்வரில் நிறுவும் தன் ‘சர்வர்’ பதிப்புகளுக்கான ஆதரவை 2024 பிப்ரவரி 15-இல் நிறுத்தியது. எஸ்.ஏ.பி நிறுவனத்தின் பழைய வணிக மென்பொருளான ஈ.சி.சி-க்கு வழக்கமான பராமரிப்பு அதிகபட்சம் 2027 வரைதான். அதனால் எங்கள் சரக்கு இருப்பு மென்பொருளும் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் வந்துவிட்டது. மூன்று விற்பனையாளர்களிடம் பேசியிருக்கிறேன். விளக்கக் காட்சிக்கு முன்னால், ஆவணங்களோடு சேர்ந்த ஒரு மாதிரி ஏற்றுமதிக் கோப்பை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒருவர்தான் அனுப்பியிருக்கிறார். அதைத்தான் இந்த வாரம் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.