32 ஜிபி பென் டிரைவ்: கஸ்டமர் கைக்கு போனதுக்கப்புறம் என்ன ஆகுது

ஆன்லைன்ல பென் டிரைவ் ரிவ்யூ படிச்சிருப்பீங்க. பாதி பேரு பார்சல் பிரிச்ச அன்னைக்கே எழுதுறது, "பேக்கிங் சூப்பர், சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்துருச்சு, 5 ஸ்டார்"னு. மீதி பாதி "32ன்னு போட்டுட்டு 29 கூட முழுசா காட்டல, ஏமாத்துறானுங்க, 1 ஸ்டார்". ரெண்டுமே வாங்கப்போறவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. நான் தேனி பக்கம் ஸ்டுடியோ வச்சிருக்கேன், கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா எதுவா இருந்தாலும் வீடியோவும் போட்டோவும் இப்ப பென் டிரைவ்லதான் குடுக்குறோம், டிவிடி கேக்குற ஆளே கிடையாது (கேட்டாலும் போட்டுப் பாக்க எந்த வீட்ல பிளேயர் இருக்கு), அதனால வருஷம் பூரா மொத்தமா வாங்கி குடுத்துக்கிட்டே இருக்கோம். குடுத்ததோட முடியுறது இல்ல. ஆறு மாசம் கழிச்சு அதே பென் டிரைவ தூக்கிட்டு கஸ்டமர் கடைக்கு வருவாங்க பாருங்க, அதுதான் நெசமான ரிவ்யூ. அத எழுதலாம்னுதான் இது.

நாங்க அதிகமா குடுக்குறது சான்டிஸ்க் க்ரூசர் பிளேடு 32 ஜிபி. பாத்தவுடனே தெரியும், கருப்பும் செவப்பும் கலந்த குட்டி பிளாஸ்டிக், மூடி கிடையாது, பின்னாடி கயிறு கோக்க ஒரு ஓட்டை. யூஎஸ்பி 2.0 தான், அதாவது பழைய, மெதுவான வகை. அத மறைக்கல, பேக்கட்லயே போட்டிருக்கு, 5 வருஷம் வாரண்டி. வீட்டு டிவி, கார் ஸ்டீரியோ, செட்டாப் பாக்ஸ், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்னு எங்க சொருகுனாலும் எடுத்துக்குது, அதுக்காகத்தான் இத விடாம வாங்குறோம். பேண்ட் பாக்கெட்டோட வாஷிங் மெஷின்ல போயிட்டு வந்தத கூட ஒருத்தர் கொண்டு வந்தாரு, "தம்பி, சோப்பு தண்ணில சுத்திருச்சு, போச்சா"ன்னு. நல்லா காய வச்சு போட்டோம், அத்தனை ஃபைலும் இருந்துச்சு. கரண்ட் இல்லாம நனைஞ்சா சிப்புக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, ஈரத்தோட சொருகுனாதான் வம்பு. இப்படி ஆச்சுன்னா அவசரப்படாம ரெண்டு நாள் காய விடுங்க.

அந்த 29 மேட்டர முடிச்சிடலாம். கம்பெனி 32 ஜிபின்னு சொல்றது 3200 கோடி பைட். விண்டோஸ் ஒரு ஜிபிய ஆயிரம் ஆயிரமா எண்ணாம 1024ஆல மடக்கி மடக்கி எண்ணும், அப்ப 29.8 தான் வரும், அதுலயும் கொஞ்சம் உள் வேலைக்கு போயிரும். யாரும் திருடல. 64 வாங்குனாலும் 60 தொடாது.

நெசமா வர்ற முதல் புகார் டிவிதான். "தம்பி, கம்ப்யூட்டர்ல ஓடுது, டிவில போட்டா ஒண்ணுமே காட்டல"ன்னு. வர்றவங்க எல்லாரும் பென் டிரைவ்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டு வருவாங்க, பெரும்பாலும் அது காரணமே இல்ல. ஒண்ணு, வீடியோ 4கேல எச்265ங்கிற புது சுருக்கு முறையில இருக்கும், பழைய டிவிக்கு அது புரியாது, இல்லன்னா டிரைவ் எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் (ஃபைல அடுக்கி வைக்கிற முறை) ஆகி இருக்கும், பழைய டிவி நிறைய அத படிக்காது. ஃபேட்32ங்கிற பழைய ஃபார்மட்னா எல்லாம் படிக்கும் ஆனா அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது, மூணு மணி நேர கல்யாண வீடியோ 4 ஜிபிக்குள்ள எப்படி அடங்கும். அதனால நாங்க பொண்ணழைப்பு, முகூர்த்தம், ரிசப்ஷன்னு தனித்தனியா வெட்டி, சாதா 1080ல, பழைய டிவிக்கும் புரியுற எச்264ல ஒரு காப்பி டிவிக்குன்னு போட்டு, 4கே காப்பிய வேற டிரைவ்ல தர்றோம். அப்படி குடுக்க ஆரம்பிச்சதுல இருந்து டிவி புகார் ரொம்ப கொறைஞ்சிருச்சு. உங்க வீட்ல "டிவில ஓடல"ன்னு பிரச்சனைன்னா புது டிரைவ் வாங்குறதுக்கு முன்னாடி ஃபார்மட் என்னன்னு ஒரு தடவ பாருங்க, காசு மிச்சம்.

அடுத்து கார். இது கொஞ்சம் சிரிப்பான விஷயம். கல்யாணம் முடிஞ்சு ஒரு வருஷம் ஆனதும் மாப்பிள்ளை தனியா வருவாரு, "அண்ணே இத அழிச்சிட்டு இளையராஜா பாட்டா ஏத்தி குடுங்க, கார்ல போடணும்". வீட்ல கேட்டுட்டீங்களா தம்பின்னு கேட்டா முழிப்பாரு. நாங்க எதுக்கும் ஒரு காப்பி எடுத்து வச்சிட்டுத்தான் அழிக்கிறது, ஏன்னா ஒரே வாரத்துல அந்தப் பொண்ணு போன் பண்ணும், நிச்சயம். சரி அது இருக்கட்டும், கார் ஸ்டீரியோவுக்கு ஃபேட்32 வேணும். 64 ஜிபி டிரைவ் வாங்குனா கடையில இருந்து வர்றப்பவே எக்ஸ்ஃபேட்ல வரும், விண்டோஸ்ல ரைட் கிளிக் பண்ணி ஃபார்மட் போனா 32 ஜிபிக்கு மேல ஃபேட்32 ஆப்ஷனே காட்டாது, அதனால "பெருசா வாங்கியும் கார் எடுக்கல"ன்னு ரிட்டர்ன் போடுறாங்க. ரூஃபஸ்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல பண்ணிக்கலாம், அல்லது பேசாம 32லயே நின்னுக்கலாம், காருக்கு அதுவே தாராளம். பாட்டு வரிசை மாறி மாறி ஓடுதுன்னு சொல்றதும் டிரைவ் கோளாறு இல்ல, நிறைய ஸ்டீரியோ பேரு வரிசைய பாக்காது, எந்த வரிசையில காப்பி ஆச்சோ அந்த வரிசையிலதான் பாடும்.

ஜெராக்ஸ் கடை. தமிழ்நாட்டுல ஒரு பென் டிரைவுக்கு வர்ற பெரிய கண்டம் இதுதான்னு நான் சொல்லுவேன். கல்யாண வீடியோ இருக்குற டிரைவயே பையன் தூக்கிட்டு போயி காலேஜ் ப்ராஜெக்ட் பிரிண்ட் போட்டுட்டு வந்திருப்பான், ராத்திரி திறந்தா எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டா நிக்கும். வீட்டம்மா அழாத குறையா வருவாங்க. பயப்படாதீங்க, பெரும்பாலும் ஃபைல் எதுவும் போயிருக்காது, வைரஸ் அத ஒளிச்சு வச்சிட்டு பொய்யான ஷார்ட்கட்ட வச்சிருக்கும், அந்த ஷார்ட்கட்ட மட்டும் கிளிக் பண்ணிடாதீங்க. முதல்ல ஆன்டிவைரஸ்ல ஸ்கேன், அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட்ல அட்ரிப் கமாண்ட் போட்டா ஒளிஞ்சது வெளிய வந்துரும், தெரிஞ்ச பசங்க யாராச்சும் அஞ்சு நிமிஷத்துல பண்ணி குடுத்துருவாங்க. பழைய காலத்து ஃப்ளாப்பில எழுத விடாம தடுக்க ஒரு சின்ன தள்ளுற பட்டன் இருக்கும், இப்ப விக்கிற சாதா பென் டிரைவ்ல அது இல்ல, எனக்கு இதுல ரொம்ப வருத்தம். பிரிண்ட் போட தனியா ஒரு பழைய 4 ஜிபியோ 8 ஜிபியோ வச்சுக்கோங்க, இல்லன்னா மெயில்ல, வாட்ஸப்ல அனுப்பி பிரிண்ட் எடுங்க.

இன்னொன்னு "டிஸ்க்க ஃபார்மட் பண்ணணுமா?"ன்னு கேக்குற மெசேஜ். வர்ற பாதி பேரு அதுக்கு சரின்னு அமுக்கிட்டுத்தான் வருவாங்க, ஏன் அமுக்குனீங்கன்னா "அதுதான கேட்டுச்சு". குவிக் ஃபார்மட் ஆனாக்கூட மேல புதுசா எதுவும் ஏத்தலன்னா நிறைய மீட்டுறலாம், ஃபோட்டோரெக்னு இலவசமாவே ஒண்ணு இருக்கு, பேரு ஃபோல்டர் எல்லாம் கலைஞ்சு போகும், படம் கிடைச்சா போதும்தான. ஆனா கம்ப்யூட்டர் டிரைவையே கண்டுக்கலன்னா கதை வேற. இந்த மாதிரி குட்டி டிரைவ்ல டேட்டா இருக்குற சிப்பும் அத ஓட்டுற கன்ட்ரோலரும் ஒரே துண்டா வார்த்திருப்பாங்க, பழைய டைப் மாதிரி சிப்ப மட்டும் கழட்டி வேற போர்டுல வச்சு படிக்க முடியாது, மீட்கணும்னா மெல்லிசு வயர் சால்டர் பண்ணி எடுக்குற பெரிய லேபுக்குத்தான் போகணும், அதுக்கு ஆகுற செலவுல நூறு டிரைவ் வாங்கலாம். வாரண்டில இதெல்லாம் வராது, புது டிரைவ் குடுப்பாங்க, உள்ள இருந்ததுக்கு எந்த கம்பெனியும் பொறுப்பு ஏத்துக்காது, அது வாரண்டி பேப்பர்லயே இருக்கும், யாரு படிக்கிறா.

ஸ்பீடு பத்தி. கஸ்டமருக்கு இது பெருசா தெரியாது, படிக்கிற வேகம் டிவிக்கு போதுமானதா இருக்கும். எங்கள மாதிரி ஏத்தி குடுக்குறவனுக்குத்தான் உயிர் போகும். வைகாசி ஆவணி முகூர்த்த சீசன்ல கவுண்டர்ல ஆள் நிப்பாங்க, ரைட் ஸ்பீடு (எழுதுற வேகம்) செகண்டுக்கு 5 எம்பி வர்ற டிரைவ்ல 20 ஜிபி ஏத்தணும்னா ஒரு மணி நேரத்துக்கு மேல. டீ வாங்கி குடுத்து உக்கார வைக்கணும். சரி, வேகமான யூஎஸ்பி 3.0 வாங்குவோம்னு போனா பேக்கட்டுல பெருசா போட்டிருக்குற நம்பர் ரீட் ஸ்பீடு, ரைட் ஸ்பீடு எங்கயுமே இருக்காது, இருந்தாலும் பொடி எழுத்துல. அதுவும் முதல் ஒண்ணு ரெண்டு ஜிபி ஜிவ்வுன்னு போகும், அப்புறம் படுத்துரும், ஏன்னா முதல்ல கேஷ்ங்கிற வேகமான தற்காலிக இடத்துல எழுதிட்டு அது நிரம்புனதும் மெதுவா எழுதுற இடத்துக்கு போகுது. ஆக ரிவ்யூல யாராச்சும் ஸ்பீடு ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தா எவ்ளோ பெரிய ஃபைல் ஏத்தி பாத்தாங்கன்னு கவனிங்க, 500 எம்பி ஏத்திட்டு பறக்குதுன்னு எழுதுறது கணக்குல வராது. நீங்க மாசத்துக்கு ஒரு தடவ ஏத்துற ஆளுன்னா 2.0 போதும், அடிக்கடி பெரிய ஃபைல் ஏத்தி இறக்குற ஆளுன்னா ஒரு பிரியாணி காசு சேத்துப்போட்டு 3.0 வாங்கிருங்க, சொருகுற போர்ட்டும் 3.0ஆ இருக்கணும், நிறைய கம்ப்யூட்டர்ல உள்ள நீலமா இருக்கும்.

இப்ப 2 டிபி (அதாவது 2000 ஜிபி) கதைக்கு வருவோம். "பென் டிரைவுக்கு தனியா காசா, எங்ககிட்டயே இருக்கு தம்பி"ன்னு சொல்லி சில பேரு சொந்தமா கொண்டு வருவாங்க, அதுல 500 ரூபாய்க்கு வாங்குன 2 டிபி அப்பப்ப வரும், சொருகுனா கம்ப்யூட்டரும் 2 டிபின்னே காட்டும். அது சுத்த பித்தலாட்டம். உள்ள ஒரு சின்ன சிப்ப வச்சு, 2 டிபின்னு பொய் சொல்லுற மாதிரி புரோகிராம மாத்தி வச்சிருப்பானுங்க. ஏத்துறப்ப எல்லாம் ஏறுன மாதிரியே இருக்கும், இருக்குற இடம் தீந்ததும் பழசு மேலயே திரும்ப எழுதும், இல்லன்னா எழுதாமயே எழுதிட்டேன்னு சொல்லும். ஃபைல் பேரு இருக்கும், திறந்தா ஓடாது. இதோட கொடுமை என்னன்னா வாங்குன அன்னைக்கு தெரியவே தெரியாது, அதனாலதான் அந்த மாதிரி ஐட்டத்துக்கு கீழயும் 5 ஸ்டார் ரிவ்யூவா கிடக்கும், அவங்க பொய் சொல்லல, நாலு போட்டோ ஏத்தி பாத்துட்டு நல்லாருக்குன்னு எழுதிட்டு போயிட்டாங்க. எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர், லினக்ஸ்ல எஃப்3, டிரைவ் முழுக்க எழுதி திரும்ப படிச்சு பாக்கும், நேரம் எடுக்கும் ஆனா பொய்ய புட்டு புட்டு வச்சிரும். நாங்க புது லாட் வந்தா அதுல இருந்து சிலத எடுத்து இத ஓட விட்டுட்டுத்தான் கஸ்டமருக்கு தர்றது. பிராண்ட் பேரு போட்ட டூப்ளிகேட்டும் மார்க்கெட்ல சுத்துது, அதனால மதுரை டவுன்ஹால் ரோடோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ எங்க வாங்குனாலும் பில்லோட வாங்குங்க, ஆன்லைன்னா விக்கிறது யாருன்னு பாத்து வாங்குங்க, வாரண்டிக்கும் பில்லத்தான் கேப்பாங்க.

சின்ன வயசு ஜோடிங்க இப்ப கேக்குறது ரெண்டு பக்கம் சொருகுற டைப், ஒரு பக்கம் சாதா யூஎஸ்பி, இன்னொரு பக்கம் டைப் சி. சான்டிஸ்க் அல்ட்ரா டூயல் டிரைவ் குடுத்துருக்கோம், போன்ல நேரா பாத்துக்கலாம், ஊர்ல இருக்குற தாத்தா பாட்டிக்கு காட்ட வசதின்னு சொல்றாங்க. விலை கூட. போன்ல காட்டலன்னு வந்தா முதல்ல செட்டிங்ஸ்ல ஓடிஜி (போன்ல பென் டிரைவ் சொருக விடுற வசதி) ஆன் பண்ணிருக்கான்னு பாப்போம், சில போன்ல அது கொஞ்ச நேரத்துல தானாவே ஆஃப் ஆயிரும். மெட்டல் பாடி டிரைவ் நிறைய ஏத்துறப்ப தொட்டா சுடும், அது கெட்டுப்போனதுக்கு அறிகுறி இல்ல, உள்ள இருக்குற சூடு வெளிய வருது அவ்ளோதான்.

பீரோல பட்டுப்புடவைக்கு நடுவுல வச்சு பூட்டுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இந்த சிப்புல டேட்டா நிக்கிறது உள்ள அடைபட்டு இருக்குற மின்னூட்டத்த வச்சுத்தான், கரண்டே காட்டாம வருஷக்கணக்கா போட்டா அது மெல்ல மெல்ல கசியும், வெயில் சூடு பட்டா இன்னும் சீக்கிரம். வளைகாப்புக்கு வர்றப்பவே கல்யாண டிரைவ எடுத்துட்டு வாங்க, ஹார்ட் டிஸ்க்லயோ கூகுள் டிரைவ்லயோ ஒரு காப்பி போட்டு தர்றோம்னு சொல்லித்தான் அனுப்புறோம். வர்றவங்க கம்மிதான்.

ஸ்டார் கேட்டீங்கன்னா க்ரூசர் பிளேடுக்கு 4 குடுப்பேன், கொறைச்ச ஒண்ணு சைஸுக்கு, இவ்ளோ குட்டியா இருந்தா குழந்தை இருக்குற வீட்ல எங்க தேடுறது, கெட்டுப்போச்சுன்னு வந்தவங்கள விட தொலைஞ்சு போச்சு, இன்னொரு காப்பி குடுங்கன்னு வந்தவங்கதான் அதிகம். பேரு செதுக்குன மரப்பெட்டி, கண்ணாடி டைப் பென் டிரைவ் இப்ப ஃபேஷன், பாக்க லட்சணமாத்தான் இருக்கு, உள்ள எந்த சிப்பு போட்டிருக்காங்கன்னு விக்கிறவனுக்கே தெரியாது, அதுக்கு நான் 2 கூட குடுக்க மாட்டேன். ஆனா கஸ்டமர் அந்த பெட்டியத்தான் கேக்குறாங்க. அதனால இந்த சீசனுக்கு பெட்டி மட்டும் தனியா ஆர்டர் போட்டிருக்கோம், உள்ள பிளேடையே கயிறு கட்டி வச்சு குடுத்துரலாம்னு, பொண்ணு மாப்பிள்ளை பேரு பெட்டி மேல இருந்தா போதும்னு சொல்லிட்டாங்க.